கூகுள் ஃபார்ம் லிங்க்கா, தபால் கவரா? நீலகிரியில் டாக்டர், நர்சுகளிடம் சர்வே எடுப்பது பற்றி

கேட்டவர் கோத்தகிரிக்காரர். கோவையில் எம்.எஸ்சி. நர்சிங் படிக்கிறார். நீலகிரி மாவட்டத்தில் வேலை பார்க்கும் டாக்டர்கள், நர்சுகள், கிராம சுகாதார செவிலியர்களிடம் சிக்கிள் செல் ரத்தசோகை (ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய்) பரிசோதனை பற்றி ஒரு சர்வே எடுக்க வேண்டுமாம். கைடு, 'கூகுள் ஃபார்மை வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள், ஒரு வாரத்தில் முடிந்துவிடும்' என்கிறார். துறையிலிருக்கும் மூத்த பேராசிரியர் ஒருவரோ, 'டாக்டர்களிடம் தபாலில் கேட்டால்தான் மரியாதை, பதிலும் வரும்' என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்பது கேள்வி.

குன்னூரில் உட்கார்ந்துகொண்டு இருபது வருடமாக இந்த வேலையைத்தான் செய்கிறேன். சுகாதாரத் திட்டங்களுக்காகக் கேள்வித்தாள் தயாரிப்பது, அனுப்புவது, வராததைத் துரத்துவது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. ஆனால் இரண்டு பேருமே முதலில் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. உங்களிடம் பெயர்ப் பட்டியல் இருக்கிறதா?

பட்டியல் என்றால் மருத்துவ கவுன்சில் பதிவேடு இல்லை. தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் பதிந்தவர் சென்னையிலும் இருக்கலாம், லண்டனிலும் இருக்கலாம். பதிவேட்டில் உள்ள விலாசம் பெரும்பாலும் பதிவு செய்த காலத்து வீட்டு விலாசம். இப்போது யார் எந்தத் தாலுகாவில் உட்கார்ந்து நோயாளி பார்க்கிறார் என்பதை அது சொல்லாது. நம் மாவட்டத்துக்கு நீங்களே கையால்தான் பட்டியல் கட்ட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களும் துணை சுகாதார நிலையங்களும் பொது சுகாதாரத் துறையின் கீழ் வருகின்றன, அதற்கு மாவட்ட சுகாதார அலுவலகம். தாலுகா அரசு மருத்துவமனைகளுக்கு நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம். ஊட்டி மருத்துவக் கல்லூரி இன்னொரு இயக்குநரகம், அங்கே டீன். மூன்று அலுவலகம், மூன்று கடிதம், மூன்று விதமான காத்திருப்பு. அதற்கப்புறம் தனியார் கிளினிக்குகள், மிஷன் ஆஸ்பத்திரிகள், எஸ்டேட் ஆஸ்பத்திரிகள், கூடலூரில் ஆதிவாசிகளுக்காக நடக்கும் அஸ்வினி மருத்துவமனை, கோத்தகிரியில் ஆதிவாசி நலச் சங்கத்தின் மருத்துவப் பணியாளர்கள். உங்கள் தலைப்புக்குக் கடைசி இரண்டையும் விட்டால் சர்வேயே பொக்கை. வெலிங்டன் ராணுவ மருத்துவமனை தனி உலகம், அனுமதிக்கே ஒரு வருடம் போய்விடும். அதை விட்டுவிடுங்கள், விட்டுவிட்டோம் என்பதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.

இந்தப் பட்டியல் ஏன் அவ்வளவு முக்கியம்? பதில் விகிதம் என்று நீங்கள் எழுதப்போகும் பின்னத்தில் கீழே போடும் எண் அதுதான். வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் போட்டால் மேலே உள்ள எண் தெரியும், கீழே உள்ளது தெரியாது. குரூப்பில் இருப்பவர்களில் பாதிப் பேர் வேறு மாவட்டத்துக்கு மாறிப்போனவர்கள், ஒருவரே மூன்று குரூப்பில் இருப்பார், சிலர் தங்கள் பேட்ச்மேட்டுக்கு ஃபார்வர்ட் செய்திருப்பார்கள். ஒருமுறை அப்படித்தான் நடந்தது. லிங்க் போட்ட இரண்டே நாளில் பதில்கள் மளமளவென்று வந்துவிட்டன. எனக்கும் சந்தோஷம். உட்கார்ந்து பின்கோடு வாரியாகப் பிரித்துப் பார்த்தால் ஊட்டி, குன்னூர், ஊட்டி, குன்னூர், நடுவில் பெங்களூரில் இருந்து ஒருவர். பந்தலூர் தாலுகாவிலிருந்து ஒன்றே ஒன்று. நாங்கள் விசாரித்துக்கொண்டிருந்த விஷயமோ முக்கால்வாசி பந்தலூர்ப் பக்கத்து விஷயம்.

உங்கள் விஷயமும் அதேதான். இந்தியாவில் சிக்கிள் செல் இருப்பது முதன்முதலில் தெரிந்ததே இந்த மலையில்தான். 1952இல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரிடம் கண்டறிந்து எழுதினார்கள். இன்றைக்கும் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் பணியர், குறும்பர் வீடுகளுக்குப் போய்வரும் செவிலியருக்குத் தெரிவது ஊட்டி சேரிங்கிராஸ் கிளினிக்கில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டம் 2047ஐ இலக்காக வைத்திருக்கிறது. அதில் ஓடியாடி ரத்தத்துளி எடுக்கிறவர்கள் இந்தச் செவிலியர்களும் லேப் டெக்னீஷியன்களும்தான். அவர்கள் பதில் வராமல் ஊட்டி டாக்டர்கள் பதிலை மட்டும் வைத்து 'நீலகிரி மருத்துவப் பணியாளர்களின் கருத்து' என்று தலைப்புப் போட முடியாது.

அப்படியானால் தபால்தானே என்பீர்கள். பொறுங்கள், தபாலுக்கும் ஒரு குணம் உண்டு. தபால் நாற்காலியைத் தேடிப் போகும், செல்போன் ஆளைத் தேடிப் போகும். 'மருத்துவ அலுவலர், ஆரம்ப சுகாதார நிலையம்' என்று விலாசம் எழுதினால் அன்றைக்கு அந்த நாற்காலியில் யார் இருக்கிறாரோ அவர் கைக்குப் போகிறது. இடமாறுதல் கவுன்சலிங்கில் மாறிப்போனவருக்குப் போகாது. உங்களுக்கு வேண்டியதும் அதுதான், இப்போது இங்கே வேலை பார்ப்பவர். போன் நம்பரில் அனுப்பினால் அவர் மதுரைக்கு மாறிப்போன பிறகும் நீலகிரிக்காரராகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். மறுபக்கம், ஹவுஸ் சர்ஜன்களையும் நைட் டியூட்டி நர்சுகளையும் தபால் பிடிக்கவே பிடிக்காது. அவர்களுக்கென்று ஒரு மேஜை கிடையாது, கவர் வார்டு அலமாரியில் கிடக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு டியூட்டி ரூமில் போனைத் தடவும்போது லிங்க் வந்தால் நான்கு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள்.

தபால் பாதியில் எங்கே படுத்துக்கொள்ளும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஏழு கவர் அனுப்பி ஒன்றும் திரும்பவில்லை. நேரில் போனால், மருந்தாளுநர் டிராயரில் ஏழும் ரப்பர்பேண்ட் போட்டு பத்திரமாக இருக்கின்றன. 'யாராவது வந்து வாங்கிப்பீங்கனு நினைச்சேன் சார்' என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, தலைமை அலுவலகத்திலிருந்து வரும் எல்லாப் படிவமும் அப்படித்தான் வசூலாகிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு கவரிலும் பதவியோடு ஆள் பெயரும் எழுதுகிறேன். கையால்.

கையால் எழுதுவது என் பழக்கதோஷம் என்று நினைக்க வேண்டாம். தபால், ஆன்லைன் சர்வேக்களில் பதிலைக் கூட்டுவது எது என்று பார்த்த சோதனைகளைத் திரட்டி 2009இல் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் சர்வதேச அமைப்பு) தொகுப்பாய்வு ஒன்று வந்தது. தபால் பக்கம் 481 சோதனைகள், மின்வழிப் பக்கம் 32. கையால் எழுதிய விலாசம், ஸ்டாம்ப் ஒட்டிய பதில் கவர், முன்கூட்டியே ஒரு தகவல், சின்னக் கேள்வித்தாள், பதில் தராதவருக்கு மறுபடி ஒரு படிவம் எல்லாமே தபாலில் வேலை செய்கின்றன. மின்னஞ்சலில் தலைப்பில் 'சர்வே' என்ற சொல் இருந்தாலே பதில் குறைகிறது என்றும் அதில் இருந்தது. சொல்லிப் பாருங்கள், நமக்கே அந்தச் சொல்லைக் கேட்டால் கொட்டாவி வருகிறதே.

டாக்டர்களை மட்டும் வைத்து நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு வேண்டுமென்றால் ஆஸ்திரேலியாவில் செய்து 2011இல் வெளியிட்டது இருக்கிறது. 2,702 டாக்டர்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். முதல் பிரிவுக்கு ஆன்லைன் மட்டும். இரண்டாவதுக்கு ஆன்லைனும் தாளும் ஒன்றாக. மூன்றாவதுக்கு முதலில் ஆன்லைன், பதில் வராவிட்டால் நினைவூட்டலோடு தாள். ஆன்லைனில் சுமார் 13 சதவீதம், மற்ற இரண்டிலும் 20, 21 சதவீதம் பதில். செலவில் ஆன்லைன்தான் மலிவு. நான் பல பேருக்குச் சொல்லிக்காட்டுவது அடுத்த விஷயத்தை. ஆன்லைனில் வந்தவர்கள் குறைவு என்றாலும் மொத்த டாக்டர் கூட்டத்தின் சாயல் அவர்களிடம் இருந்தது. கலப்பு முறையில் அதிகம் பேர் வந்தார்கள், ஆனால் சில வகை டாக்டர்கள் கொஞ்சம் கூடுதலாக வந்துவிட்டார்கள். அதிகம் பேர் பதில் சொன்னால் சரியான பதில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. அதேசமயம் ஆன்லைனில் வந்த படிவங்களில் பதில் சொல்லாமல் விட்ட கேள்விகள் அதிகம். செலவுக்கும் பலனுக்கும் சேர்த்துப் பார்த்தால் மூன்றாவது வழிதான் கட்டுபடியானது என்பது அவர்கள் கணக்கு.

நம் ஊருக்கு அப்படியே எடுத்து ஒட்ட முடியாது. ஆனாலும் அந்த மூன்றாவது வழியைத்தான் நானும் கொஞ்சம் திருத்திச் செய்கிறேன்.

முதலில் அளவு. பெரிய மாநிலத்துக்கு 384 பேர் வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கும். சிறிய கூட்டத்துக்கு அது இறங்கும். உங்கள் பட்டியலில் 200 பெயர் வந்தால், 5 சதவீதப் பிழைக்கு 132 பதில் போதும் என்று சூத்திரம் சொல்லும். 200இல் 132 பேரைக் குலுக்கி எடுப்பதற்குப் பதில் 200 பேரிடமும் கேட்டுவிடுவது புத்திசாலித்தனம். அப்புறம், 132 வந்துவிட்டது என்று கடையைக் கட்டிவிடாதீர்கள். சூத்திரம் சொல்லும் 132 குலுக்கலில் வந்த 132. வராத 68ம் மொத்தமாகக் கூடலூர் மலைக்கு அந்தப்பக்கம் இருந்தால் அந்தக் கணக்கு ஒன்றுக்கும் உதவாது.

பட்டியலை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி ஊருக்குள் இருப்பவர்கள், மருத்துவக் கல்லூரி, இளம் டாக்டர்கள், வார்டு நர்சுகள் எல்லோருக்கும் ஆன்லைன் முதலில். ஆனால் அழைப்பு குரூப்பில் வேண்டாம், ஆளுக்கு ஒரு லிங்க். கூகுள் ஃபார்மில் முன்கூட்டி நிரப்பிய லிங்க் எடுக்கும் வசதி உண்டு, அதில் ஒரு குறியீட்டு எண்ணை நிரப்பி, எண்ணுக்கு ஒரு லிங்க் என்று தயாரிக்கலாம். கொஞ்சம் பொறுமை வேண்டும், ஒரு ராத்திரி வேலை. ஒருவர் ஒரு முறைதான் என்று பூட்டினால் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும், அங்கேயே பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். டவர் விட்டுவிட்டு வரும் இடத்துக்கு கோபோ டூல்பாக்ஸ் நல்லது, அதுவும் கூகுள் ஃபார்ம் மாதிரி ஒரு சர்வே கருவிதான். ஒருமுறை பக்கம் திறந்துவிட்டால் நெட் இல்லாமலும் நிரப்பி வைக்கலாம், சிக்னல் வந்ததும் தானே போய்ச் சேரும். கட்டாயக் கேள்வி என்ற சிவப்பு நட்சத்திரத்தை எல்லாவற்றுக்கும் போடாதீர்கள். ஏழு வரிசை, ஐந்து கட்டம் என்று அட்டவணைக் கேள்வியும் வேண்டாம். போனில் அது பாதிதான் தெரியும், கடைசிக் கட்டத்தை யாரும் தள்ளிப் பார்க்க மாட்டார்கள்.

பந்தலூர், மஞ்சூர்ப் பக்கம், எஸ்டேட் ஆஸ்பத்திரிகள், துணை சுகாதார நிலையங்கள் ஆகியவற்றுக்குத் தாள் முதலில், அந்தத் தாளின் மூலையில் லிங்க். கிராம சுகாதார செவிலியர் ஏற்கெனவே நாள் முழுக்க ஏதோ ஒரு ஆப்பில் என்ட்ரி போட்டுக்கொண்டிருக்கிறார். இன்னொரு லிங்க் அவருக்கு இன்னொரு ஆபீஸ் வேலை. ஒரு கவர், அதில் அவர் பெயர், உள்ளே நான்கு வரிக் கடிதம் என்றால் மரியாதையாகத் தெரிகிறது. எஸ்டேட்டில் கடிதம் ஆபீஸ் தபால் பையில் வந்து கம்பவுண்டர் கைக்குப் போகும். நிதானமாக எழுதுவார்கள். ஓரத்திலும் எழுதுவார்கள். அப்படி வந்த ஒரு தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. 'பரிசோதனைக்கு ஆலோசனை சொல்கிறீர்களா?' என்ற கேள்விக்கு 'ஆம்' கட்டத்திலும் டிக், 'இல்லை' கட்டத்திலும் டிக். பக்கத்தில் நீல மையில்: 'சொல்கிறேன். கிட் இருந்தால்.' ஆன்லைன் ஃபார்ம் அவரை ஒன்றைத்தான் தொட விட்டிருக்கும், நான் தப்பான ஒன்றை எண்ணியிருப்பேன்.

இதில் ஒரு கோளாறும் உண்டு, சொல்லிவிட வேண்டும். பந்தலூருக்குத் தாள், ஊட்டிக்கு லிங்க் என்று கறாராகப் பிரித்துவிட்டால், பதில் வேறுபட்டது ஊரினாலா, தாளினாலா என்று வைவாவில் கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள். இரண்டுமே தானே படித்துத் தானே நிரப்பும் முறை என்பதால் போனில் பேசிக் கேட்பதைப் போல பெரிய வித்தியாசம் வராது. இருந்தாலும் கேள்வியின் வார்த்தை, வரிசை, விடைகளின் வரிசை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும். இரண்டு வாரம் கழித்து பதில் தராத ஊட்டிக்காரர்களுக்கும் தாள் போகட்டும். எந்த வழியில் வந்தது என்று ஒவ்வொரு பதிலிலும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்விகளின் எண்ணிக்கை பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், ஒரே உதாரணம். 1951 அக்டோபரில் டோல், ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிரிட்டனில் பதிவு பெற்ற ஏறத்தாழ 60 ஆயிரம் டாக்டர்களுக்குத் தபாலில் புகைப்பழக்கம் பற்றிக் கேட்டார்கள். சில கேள்விகள்தான், வேண்டுமென்றே சுருக்கம். சுமார் 40 ஆயிரம் பேர் பதில் எழுதினார்கள். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிலைநாட்டியதில் அந்தத் துண்டுத்தாளுக்குப் பெரிய பங்கு. உங்கள் கைடு அறுபது கேள்வி கேட்கச் சொன்னால் இதைக் காட்டுங்கள். ஒரே தாளில் முன்னும் பின்னும் அடங்கவில்லை என்றால் வெட்டுங்கள். வெட்டினால் காசும் மிச்சம். 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஒன்று 5 கிராம், கடிதம், படிவம், பதில் கவர், வெளிக்கவர் எல்லாம் சேர்ந்து 20 கிராமைத் தாண்டினால் ஸ்டாம்ப் கூடிவிடும்.

காலம் பார்ப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். ஏப்ரல், மே சீசனில் யாரையும் தொந்தரவு செய்யாதீர்கள், ஆஸ்பத்திரி நிரம்பி வழியும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவமழை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இறங்கும். மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் கீழேயிருந்து வரும் தபாலும் நின்றுவிடும். மார்ச்சில் அரசு அலுவலகங்கள் வருடக் கணக்கு முடிப்பார்கள். ஜனவரி கடைசியும் பிப்ரவரியும்தான் தோது. விட்டால் செப்டம்பர்.

மழையில் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் ஒன்று சொல்கிறேன், புத்தகத்தில் இருக்காது. கம் தடவிய பதில் கவர் வாங்காதீர்கள். ஒரு ஜூலையில் தேவாலாவுக்கு அனுப்பிய கவர்கள் எல்லாம் ஈரக்காற்றில் தாமாகவே ஒட்டிக்கொண்டுவிட்டன. வாங்கியவர் ஓரத்தைக் கிழித்து, தாளைச் சொருகி, பிளாஸ்திரி போட்டு அனுப்பியிருந்தார். ஆஸ்பத்திரி பிளாஸ்திரி. அவ்வளவு சிரமப்பட எல்லோருக்கும் மனசு வராது. பட்டையை உரித்து ஒட்டும் வகைக் கவர் வாங்குங்கள். இங்க்ஜெட் பிரிண்டும் வேண்டாம், மை கரைந்து ஊறும். லேசர் அல்லது ஜெராக்ஸ்.

பெயர் மறைப்பு விஷயத்தில் மலை மாவட்டம் பொல்லாதது. பதவி, வயது, ஆண் பெண், பின்கோடு நான்கையும் கேட்டால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண் டாக்டர் ஒருவர்தான் இருப்பார். ஊருக்குப் பதில் தாலுகா, வயதுக்குப் பதில் பணி ஆண்டு வரம்பு போதும். குறியீட்டு எண் போட்டிருந்தால் ஏன் போட்டிருக்கிறது என்று கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள், ஒளித்தால் கண்டுபிடித்து அந்த மூலையைக் கிழித்துவிட்டு அனுப்புவார்கள். இன்னும் நல்ல வழி, படிவத்தில் எண்ணே வேண்டாம். கூடவே பெயர் எழுதிய ஒரு போஸ்ட்கார்டு வையுங்கள். படிவத்தை ஒரு கவரில் அனுப்பிவிட்டு, 'அனுப்பிவிட்டேன்' என்று கார்டைத் தனியாகப் போடட்டும். யார் அனுப்பினார் என்று தெரியும், எது அவருடையது என்று தெரியாது.

அரசு ஊழியர்களிடம் கேட்க அனுமதிக் கடிதம் வேண்டும்தான். ஆனால் மேலதிகாரியைவிட்டு 'எல்லோரும் நிரப்பிக் கொடுங்கள்' என்று சொல்லவைக்காதீர்கள். ஒருமுறை அப்படி ஒரு இடத்திலிருந்து மொத்தப் படிவமும் மறுநாளே வந்தது. எல்லாவற்றிலும் ஒரே பேனா, ஒரே சாய்வில் டிக். யாரோ ஒரு கிளார்க் மதியம் உட்கார்ந்து வேலையை முடித்துவிட்டார். அத்தனையையும் கழித்தேன்.

அன்பளிப்பு கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பதில் வந்த பிறகு தருகிறோம் என்பதைவிட முதலிலேயே கவரில் வைத்த சிறு பொருள்தான் வேலை செய்யும். மருந்துக் கம்பெனி பெயர் போட்ட எதையும் தொடாதீர்கள், டாக்டர்கள் மருந்துக் கம்பெனிப் பரிசு வாங்குவதற்கு விதிகளிலேயே தடை இருக்கிறது, சந்தேகம் வந்தால் கவரையே பிரிக்க மாட்டார்கள். எத்திக்ஸ் கமிட்டியிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு நல்ல பேனா போதும். எங்களிடம் ஒருவர் டீத்தூள் பாக்கெட் வைக்கலாம் என்றார். எஸ்டேட் டாக்டருக்கு டீத்தூளா? கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான்.

ஆறு வாரம் ஆனதும் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். தாலுகா வாரியாக, அரசு தனியார் வாரியாக, டாக்டர் நர்ஸ் வாரியாக எத்தனைக்கு எத்தனை? முதல் வாரத்தில் வந்தவர்கள் பதிலையும் கடைசி நினைவூட்டலுக்குப் பிறகு வந்தவர்கள் பதிலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைசியில் வந்தவர்கள் வேறு மாதிரி சொல்லியிருந்தால், வராதவர்களும் அந்தப் பக்கம்தான் சாய்வார்கள் என்று சந்தேகப்படலாம். வராதவர்களில் சிலருக்குப் போன் போட்டு இரண்டே கேள்வி கேளுங்கள். அந்த இரண்டும் உங்கள் ஆய்வின் முதுகெலும்பான இரண்டாக இருக்கட்டும்.

அதற்கும் மேல் பந்தலூர்ப் பக்கம் பத்துப் பன்னிரண்டு பேர் மிச்சமென்றால், இனி தபாலும் வேண்டாம், லிங்க்கும் வேண்டாம். ஊட்டியிலிருந்து காலை முதல் பஸ்ஸில் கூடலூர் போய், அங்கே மாறி பந்தலூர், சேரம்பாடி, எருமாடு என்று இரண்டு நாள் சுற்றினால் முடிந்துவிடும். படிவத்தை நீங்கள் நிரப்பாதீர்கள், அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்காருங்கள். மறக்காமல் குடை எடுத்துக்கொள்ளுங்கள், பிப்ரவரியாக இருந்தாலும் சரி.